நீங்கதானே சார் நம்பர் கொடுத்தீங்க?

பேங்கில் உங்கள் பணம் எவ்வளவு இருக்கிறது? சேவிங்ஸ் கணக்கில் நாற்பதாயிரம், ஃபிக்சட் டெபாசிட்டில் மூன்று லட்சம் என்று மனசுக்குள் கூட்டிக் கழிக்க ஆரம்பித்துவிட்டீர்கள், இல்லையா? கொஞ்சம் நிறுத்துங்கள். அங்கே உங்கள் பணம் ஒரு பைசாகூட இல்லை.

பதறாதீர்கள். எந்த பேங்கும் திவாலாகவில்லை. பி.காம். படித்தவர்களுக்கு வங்கிச் சட்டப் பாடத்தில் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் சமாச்சாரம்தான் இது. கவுன்ட்டரில் நீங்கள் பணத்தைக் கட்டிய அந்த நிமிஷமே அது பேங்குக்குச் சொந்தமாகிவிடுகிறது. பதிலுக்கு பேங்க் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. நீங்கள் கடன் கொடுத்தவர், அவர்கள் கடனாளி. ஏ.சி. ரூமும் டையும் கண்ணாடிக் கதவும் இருப்பதால் நமக்குத்தான் எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது.

இப்போது ஒருத்தன் வந்து உங்கள் கணக்கிலிருந்து பணத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான் என்று வையுங்கள். போனது யார் பணம்? மளிகைக் கடை அண்ணாச்சிக்கு நீங்கள் ஐந்நூறு ரூபாய் பாக்கி. வழியில் எவனோ ஒருத்தன், ‘அண்ணாச்சிதான் வாங்கிட்டு வரச் சொன்னாரு’ என்று சொல்லி அதை உங்களிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். அண்ணாச்சியிடம் போய், ‘உங்க பணத்தைத் திருடிட்டான்’ என்று சொல்லிப் பாருங்களேன். ‘திருடினது உங்க பணத்தை. எனக்கு வரவேண்டிய ஐந்நூறை எடுத்து வைங்க’ என்பார். பத்தாங்கிளாஸ் தாண்டாத அண்ணாச்சிக்குச் சட்டம் தெளிவாகத் தெரிகிறது.

நம்முடைய சுப்ரீம் கோர்ட்டும் 1987-ல் இதையேதான் சொன்னது. கனரா பேங்கில் கணக்கு வைத்திருந்த ஒரு கம்பெனியின் அக்கவுன்டன்ட், போலிக் கையெழுத்துப் போட்டு 42 செக்குகளை மாற்றிவிட்டார். ‘மாசாமாசம் கணக்கு விவரம் வந்ததே, நீங்கள் ஏன் கவனிக்கவில்லை?’ என்றது பேங்க். எடுபடவில்லை. போலிக் கையெழுத்துப் போட்ட செக், வாடிக்கையாளரின் உத்தரவே கிடையாது. உத்தரவே இல்லாமல் கொடுத்த பணத்தை அவர் கணக்கில் கழிக்க முடியாது என்றது கோர்ட்.

செக்கும் பேனாவும் இருந்த காலத்துக்கு அது. அதன்பிறகு கார்டு வந்தது, பின் நம்பர் வந்தது, ஓ.டி.பி. வந்தது. அத்தனையும் வந்தபிறகு பேங்குக்கு ஒரு வாக்கியமும் கிடைத்துவிட்டது. ‘நீங்கதானே சார் நம்பர் கொடுத்தீங்க?’

இந்த வாரம் இந்த வாக்கியத்தோடு சண்டை. அதற்கு உங்களைக் கொஞ்சம் தூரம் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது, கிரீஸ் வரைக்கும். காரணம் இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் பேங்க் வாடிக்கையாளருக்கு அங்கே இருக்கிற பாதுகாப்பு, பார்த்துப் பொறாமைப்படலாம் போல இருக்கும். அங்கேயே இந்த ஒரு வாக்கியம் எப்படி உள்ளே புகுந்து விளையாடுகிறது என்று பார்த்தால், நம் கதை நமக்கே விளங்கும்.

*

2015 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை. கடனில் மூழ்கியிருந்த கிரீஸின் பிரதமர் அலெக்சிஸ் சிப்ராஸ் டி.வி.யில் தோன்றி, நாளையிலிருந்து பேங்குகள் திறக்காது என்றார். ஏ.டி.எம்.மில் ஒரு கார்டுக்கு நாளொன்றுக்கு 60 யூரோ, அவ்வளவுதான். மூன்று வாரம் பேங்க் கதவுகள் மூடியே கிடந்தன. கார்டே இல்லாத பென்ஷன்காரர்களுக்காகச் சில கிளைகளை மட்டும் திறந்து வைத்தார்கள், விடியற்காலையிலிருந்தே வரிசை. தெசலோனிகி நகரத்தில் ஒரு பேங்க் வாசலில், ஒரு பெரியவர் தரையில் உட்கார்ந்து அழுத புகைப்படம் உலகம் பூராவும் பத்திரிகைகளில் வந்தது. கட்டுப்பாடுகள் முழுசாக விலகியது 2019 செப்டம்பர் 1-ம் தேதி. நாலு வருஷம்!

ரொக்கம் எடுக்கத்தான் வரம்பு. உள்நாட்டுக் கடையில் கார்டைத் தேய்த்தால் வரம்பு கிடையாது. அதுவரை காபிக் கடையிலிருந்து காய்கறிச் சந்தை வரை நோட்டையே நம்பி வாழ்ந்த ஜனங்கள், வேறு வழியில்லாமல் கார்டை எடுத்தார்கள்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. வரி ஏய்ப்பைப் பிடிக்க வேண்டுமே! 2017-லிருந்து 500 யூரோவுக்கு மேல் வாங்கும் பொருளுக்கு ரொக்கம் கூடாது என்றது. கார்டில் செலவு செய்பவர்களுக்கு மாசாமாசம் லாட்டரி நடத்தி 1,000 பேருக்குத் தலா 1,000 யூரோ பரிசு கொடுத்தது. அதுவும் போதாமல் 2019-ல் ஒரு சட்டம்: சம்பளமோ பென்ஷனோ வாங்குகிறவர், அடுத்த வருஷத்திலிருந்து, வருமானத்தில் 30 சதவிகிதத்தை கார்டு அல்லது பேங்க் வழியாகச் செலவு செய்து காட்ட வேண்டும், குறைந்தால், குறைகிற தொகைக்கு 22 சதவிகிதம் வரி. அதாவது, கார்டைத் தொடமாட்டேன் என்று ஒருத்தர் பிடிவாதம் பிடித்தால், அதற்கு அபராதம்.

வரி ஏய்ப்பைத் தடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாகத் தடுக்கட்டும். ஆனால், நீச்சல் தெரியாதவனை ‘குதி, குதி’ என்று ஆற்றில் தள்ளிவிட்டவனுக்கு, அவன் மூழ்கும்போது ஒரு கடமை இருக்கிறதா இல்லையா? என்னுடைய கேள்வி இவ்வளவுதான். இதை மனசில் வைத்துக்கொண்டு சட்டத்தைப் பார்ப்போம்.

*

ஐரோப்பிய யூனியனின் பணப் பட்டுவாடா உத்தரவை கிரீஸ் 2018-ல் தன் சட்டமாக்கிக்கொண்டது. சட்டம் எண் 4537. அதில் 71-லிருந்து 74 வரையிலான பிரிவுகள்தான் நமக்கு வேண்டியவை.

உங்கள் அனுமதி இல்லாமல் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது என்று சொன்னால், பேங்க் அதைத் திருப்பி வைக்க வேண்டும். எப்போது? ‘விசாரித்துவிட்டு’ இல்லை, ‘தலைமை அலுவலகத்தைக் கேட்டுவிட்டு’ இல்லை. உடனே, அதிகபட்சம் அடுத்த வேலை நாள் முடிவதற்குள். வாடிக்கையாளரே மோசடி செய்கிறார் என்று சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தால் மட்டும் நிறுத்திவைக்கலாம்; அதையும் உரிய அரசு அமைப்புக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும்.

கார்டு தொலைந்துபோய், அல்லது திருட்டுப்போய், அதை எவனாவது பயன்படுத்திவிட்டால், வாடிக்கையாளர் தலையில் விழும் நஷ்டம் அதிகபட்சம் 50 யூரோ. பறிபோனதே தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றால் அதுவும் கிடையாது. புகார் சொன்ன பிறகு நடக்கும் நஷ்டத்தில் அவருக்கு ஒரு சென்ட் பங்கும் இல்லை. பாஸ்வேர்டு ஒன்று, போனுக்கு வரும் குறியீடு ஒன்று என இரட்டைப் பூட்டை பேங்க் போடாமல் விட்டிருந்தாலும், அவரே மோசடி செய்தால் ஒழிய நஷ்டம் பேங்குக்குத்தான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 72-ம் பிரிவு. வாடிக்கையாளர் ‘நான் செய்யவில்லை’ என்றால், நிரூபிக்கிற பொறுப்பு பேங்குடையது. அதோடு விடவில்லை. ‘சரியான பின் நம்பர் போடப்பட்டது, எங்கள் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கிறது’ என்று காட்டினால் மட்டும் அது நிரூபணம் ஆகிவிடாது என்று வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். நம்பர் சரியாக இருந்தது என்பது ஒரு விஷயம், நீங்கள் சம்மதித்தீர்கள் என்பது வேறு விஷயம். என் வீட்டுச் சாவி திருடனிடம் இருந்தது என்பதால் நான்தான் அவனை விருந்துக்கு அழைத்தேன் என்று ஆகிவிடுமா?

இந்தச் சட்டத்துக்கெல்லாம் முன்னாலேயே கிரேக்க சிவில் சட்டத்தின் 830-ம் பிரிவு, டெபாசிட் செய்த பணம் பேங்குக்குச் சொந்தமாகிறது என்கிற அந்தப் பழைய பி.காம். பாடத்தைத்தான் சொல்கிறது. ஆக, வலுவான அஸ்திவாரம், அதன்மேல் கெட்டியான சுவர். பிறகென்ன குறை?

ஒரே ஒரு ஓட்டை. வாடிக்கையாளர் வேண்டுமென்றே செய்தால், அல்லது ‘கடும் கவனக்குறைவு’ காட்டினால், மொத்த நஷ்டமும் அவருக்கே. கிரேக்க மொழியில் ‘வர்யா அமெலியா’ என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், கனமான கவனக்குறைவு. எத்தனை கிலோ இருந்தால் கனம்? சட்டம் சொல்லவில்லை.

*

ஏதென்ஸில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் நடக்காததில்லை. போனில் ஒரு எஸ்.எம்.எஸ். வருகிறது. ‘உங்கள் கணக்கு இன்று முடக்கப்படும். விவரங்களைச் சரிபார்க்க இந்த லிங்க்.’ அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பேங்கின் பெயர். அதுகூடப் பெரிசில்லை. போன மாசம் பேங்க் உண்மையிலேயே அனுப்பிய செய்திகள் எந்த வரிசையில் இருக்கிறதோ, அதே வரிசையில் அதற்குக் கீழேயே இதுவும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அனுப்புகிறவர் பெயரைப் போலியாகப் போடுவது திருடர்களுக்கு அவ்வளவு சுலபம். கிரீஸில் தபால்துறை பெயரில், ‘உங்கள் பார்சல் நிற்கிறது, சில யூரோ கட்டுங்கள்’ என்று வரும் போலிச் செய்திகளும் இதே ஜாதி.

டீச்சர் லிங்க்கைத் தொடுகிறார். பேங்க் தளம் மாதிரியே ஒரு பக்கம். பெயர், பாஸ்வேர்டு போடுகிறார். போனுக்கு ஒரு குறியீடு வருகிறது. போடுகிறார். பத்து நிமிஷத்தில் இரண்டு தவணையாக 6,400 யூரோ போய்விட்டது. வாழ்நாளில் பெயர்கூடக் கேட்டிராத யாரோ ஒருவரின் கணக்குக்கு. அன்று ராத்திரியே பேங்குக்குப் போன் செய்கிறார். கார்டை முடக்குகிறார்கள், புகார் எண் தருகிறார்கள். அடுத்த வேலை நாள் வருகிறது, போகிறது. சில வாரம் கழித்து ஒரு கடிதம். ‘தங்கள் ரகசிய எண்களைத் தாங்களே மூன்றாம் நபரிடம் வெளிப்படுத்தியுள்ளீர்கள். இது கடும் கவனக்குறைவு. எனவே...’

வந்துவிட்டதா நம்ம ஊர் வாக்கியம்? கிரேக்க மொழியில், லெட்டர் ஹெட்டில், கையெழுத்தோடு வந்துவிட்டது.

கடும் கவனக்குறைவுக்கு அந்த ஐரோப்பிய உத்தரவின் முன்னுரையே ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறது. ரகசிய நம்பரை, மற்றவர்கள் சுலபமாகப் பார்த்துவிடும்படி, கார்டு பக்கத்திலேயே வைத்திருப்பது. பர்ஸில் கார்டு, கார்டின் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டி அதில் பின் நம்பர். ஆமாம், அது கனமான கவனக்குறைவுதான், நானே ஒத்துக்கொள்கிறேன். அதையும், பேங்கின் பெயரில், பேங்கின் செய்திகளுக்கு நடுவில் வந்த ஒரு செய்தியை நம்பியதையும் ஒரே தராசில் வைப்பீர்களா? ஏமாந்துபோவது ஒரு குற்றமா? பேங்கின் பெயரை எவனும் திருடிப் போட்டுக்கொள்ளலாம் என்ற நிலையில் எஸ்.எம்.எஸ்.ஸை அன்றாடம் பயன்படுத்தும் பேங்கின் கவனக்குறைவு எத்தனை கிலோ?

கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்றால், அங்கே தீர்ப்புகள் இரண்டு பக்கமும் வந்திருக்கின்றன. சில நீதிபதிகள் ‘இவ்வளவு திறமையான போலியை நம்பியது சாதாரணக் கவனக்குறைவுதான்’ என்றிருக்கிறார்கள். சிலர் பேங்க் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு 1994-ம் வருஷத்து நுகர்வோர் சட்டமும் கைகொடுக்கிறது. சேவையில் தன் மேல் தப்பில்லை என்று சேவை கொடுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது அதன் எட்டாம் பிரிவு. அரசு சார்பில் நுகர்வோர் குறைதீர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார். சமரசம் பேசுவார், பரிந்துரை செய்வார், ஆனால் கட்டாயப்படுத்த முடியாது. பரிந்துரையை பேங்க் ஏற்காவிட்டால் டீச்சர் வக்கீலைத் தேட வேண்டியதுதான். 6,400 யூரோவுக்காக எத்தனை பேர் வருஷக்கணக்கில் படியேறுவார்கள்? அந்தக் கணக்கு பேங்குக்கு நன்றாகவே தெரியும்.

*

இந்தக் கூத்து தாங்காமல், 2023-ல் கிரீஸ் ஒரு காரியம் செய்தது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரையே என்றுகூடச் சொல்லலாம். சட்டம் எண் 5019 மூலம் 74-ம் பிரிவைத் திருத்தி, கடும் கவனக்குறைவே என்றாலும், நுகர்வோர் தலையில் விழும் நஷ்டம் 1,000 யூரோவைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தார்கள். அதற்குமேல் போனது பேங்க் கணக்கு. மோசடி செய்தவருக்கும் வேண்டுமென்றே செய்தவருக்கும் இந்தச் சலுகை கிடையாது.

நம் டீச்சர் கணக்கைப் போடுங்கள். பேங்க் சொல்வதையே ஒத்துக்கொண்டாலும் 5,400 யூரோ திரும்பி வர வேண்டும். கடும் கவனக்குறைவு இல்லை என்று நிலைநாட்டிவிட்டால் 6,350.

உடனே ஒரு கூட்டம் கிளம்பும். இங்கேயும் கிளம்பும். ‘நஷ்டம் முழுக்க பேங்குக்கு என்றால் ஜனங்கள் அலட்சியமாகிவிடுவார்கள், எவன் கேட்டாலும் நம்பரை அள்ளிக் கொடுப்பார்கள்’ என்று. கேட்க ரொம்பப் பொருளாதாரமாக இருக்கும். 2025 ஏப்ரலில் கிரீஸ் நிர்ணயித்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 880 யூரோ. ஒரு மாசச் சம்பளத்துக்கும் மேல் நஷ்டம் வரும் என்று தெரிந்தும் ஒருத்தர் ‘பரவாயில்லை, போகட்டும்’ என்று அலட்சியமாக இருப்பாராம். சொல்கிறவர்களுக்கு மாசச் சம்பளம் என்றால் என்னவென்றே தெரியாது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

யார் நஷ்டத்தைத் தாங்குகிறார்களோ அவர்கள்தான் பூட்டு வாங்குவார்கள். இதுதான் உண்மையான பொருளாதாரம். ஒரு உதாரணம். பணம் அனுப்பும்போது நீங்கள் பெயரும் கணக்கு எண்ணும் போடுகிறீர்கள். அந்தப் பெயர் அந்தக் கணக்குக்குச் சொந்தக்காரருடையதுதானா என்று பேங்க் ஒப்பிட்டுப் பார்க்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஐரோப்பாவில் பல காலம் பார்க்கவே இல்லை. எண்ணை மட்டும் பார்த்துப் பணத்தை அனுப்பிவிடுவார்கள். இதற்கு வேண்டிய தொழில்நுட்பம் ஒன்றும் ராக்கெட் சமாச்சாரம் இல்லை. நெதர்லாந்தில் 2017-லேயே செய்துகாட்டினார்கள். யூரோ நாடுகள் முழுக்க அது கட்டாயமானது 2025 அக்டோபர் 9-ம் தேதி, அதுவும் சட்டம் போட்டுக் கழுத்தைப் பிடித்த பிறகு. நடுவில் எட்டு வருஷம். நஷ்டம் பேங்குகளின் பாக்கெட்டிலிருந்து போயிருந்தால் எட்டு மாசம் தாங்கியிருக்குமா?

டீச்சரின் பத்து வருஷக் கணக்கு விவரம் பேங்க் கையில் இருக்கிறது. அவர் எந்த ஊரில் இருக்கிறார், எந்த போனில் பார்ப்பார், மாசம் எவ்வளவு அனுப்புவார், யாருக்கு அனுப்புவார் எல்லாம் தெரியும். புதுக் கணக்குக்கு, பத்து நிமிஷத்தில், இருப்பில் முக்கால்வாசி போகிறது என்றால் ஒரு நிமிஷம் நிறுத்திக் கேட்கக்கூடிய இடத்தில் இருப்பது யார்? அறுபத்தெட்டு வயசு அம்மாளா, அந்த கம்ப்யூட்டரா?

கிரீஸுக்கு ஒரேயடியாகப் பூமாலை போட்டுவிடவும் முடியாது. அந்த 1,000 யூரோ வரம்பிலும் பொத்தல் இருக்கிறது. ‘வேண்டுமென்றே செய்தார்’ என்று எழுதிவிட்டால் வரம்பு போயிற்று. அதைவிடப் பெரிய பொத்தல், டீச்சர் நம்பரைக் கொடுக்காமல், திருடனின் பேச்சை நம்பித் தானே பணத்தை அனுப்பியிருந்தால்? அப்போது அது அவர் அனுமதித்த பட்டுவாடா ஆகிவிடுகிறது. இவ்வளவு நேரம் பார்த்த பிரிவுகள் எதுவும் துணைக்கு வராது. திருடனுக்கு இரண்டும் ஒன்றுதான், டீச்சருக்கும் இரண்டும் ஒன்றுதான். சட்டத்துக்கு மட்டும் வேறு வேறு. இங்கிலாந்து இதைப் புரிந்துகொண்டு, 2024 அக்டோபரிலிருந்து இப்படி ஏமாந்து அனுப்பிய பணத்தையும், 85,000 பவுண்டு வரை, திருப்பித் தரச் சொல்லிவிட்டது. அனுப்பிய பேங்கும் வாங்கிய பேங்கும் பாதிப் பாதி. ‘பேங்கிலிருந்து பேசுகிறேன்’ என்று சொல்லி ஏமாற்றும் மோசடிக்கு பேங்கே பொறுப்பு என்கிற புதுவிதிக்கு ஐரோப்பிய யூனியனும் 2025 நவம்பரில் கொள்கை அளவில் உடன்பட்டது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கிரீஸில் யாராவது உறவுக்காரர் இருந்து, இதைப் படித்துவிட்டு மெத்தனமாக இருந்துவிடப் போகிறார். புகார் கொடுக்க 13 மாசம் அவகாசம் என்று சட்டம் சொல்கிறது. அது வெளி எல்லை. தெரிந்த உடனே சொல்ல வேண்டும் என்பது தனி நிபந்தனை. ஒரு பிரெஞ்சு வழக்கில், 2025 ஆகஸ்ட் 1-ம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. 13 மாசத்துக்குள் சொல்லியிருந்தாலும், வேண்டுமென்றோ கடும் கவனக்குறைவாலோ தாமதித்திருந்தால், திரும்பப் பெறும் உரிமை போய்விடும். ஆகவே அன்றைக்கே, எழுத்தில்.

*

இப்போது நம் ஊர்.

2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரி எட்டு மணி உங்களுக்கு மறந்திருக்காது. 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது. ஏ.டி.எம். வரிசையில் நாம் நின்றதும் கிரீஸில் அவர்கள் நின்றதும் ஒரே நிற்பு. ‘டிஜிட்டலுக்கு மாறுங்கள்’ என்றார்கள். மாறினோம். பூக்காரம்மாவின் கூடையில்கூட க்யூ.ஆர். கோடு அட்டை தொங்குகிறது.

எட்டு மாசம் கழித்து, 2017 ஜூலை 6-ல், ரிசர்வ் பேங்க் ஒரு சுற்றறிக்கை விட்டது. நல்ல சுற்றறிக்கை, பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும். தப்பு பேங்க் மேலும் இல்லை, வாடிக்கையாளர் மேலும் இல்லை, நடுவில் எவனோ செய்தான் என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் பூஜ்யம். பத்து வேலை நாளுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு பேங்குடையது. ஏறக்குறைய கிரேக்கச் சட்டத்தின் ஒன்றுவிட்ட தம்பி.

ஆனால் தம்பிக்கும் அதே ஓட்டை, அண்ணனைவிடப் பெரிசாக. ரகசிய எண்ணைக் கொடுத்தது போன்ற கவனக்குறைவு வாடிக்கையாளருடையது என்றால், புகார் சொல்லும்வரை ஆன நஷ்டம் முழுவதும் அவருக்கே என்றது அந்தச் சுற்றறிக்கை. ‘கடும்’ என்ற ஒரு சொல்கூட இல்லை. வெறும் கவனக்குறைவு போதும். உச்சவரம்பும் வைக்கவில்லை. கிரீஸ் 1,000 யூரோவில் கதவை அடைத்தது. இங்கே கதவே இல்லை.

அப்படியும் கோர்ட் படியேறி ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். அஸ்ஸாமில் ஒருவர். ஆன்லைனில் வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுக்க முயன்றபோது, கடையின் கஸ்டமர் கேர் என்று ஒருவன் பேசி, போனில் ஒரு ஆப் போடச் செய்து, 2021 அக்டோபரில் 94,000 ரூபாய்க்கு மேல் உருவிவிட்டான். அவர் உடனடியாக, 24 மணி நேரத்துக்குள், ஸ்டேட் பேங்குக்குச் சொல்லிவிட்டார். பேங்க் பழைய பல்லவியையே பாடியது. கௌஹாத்தி ஹைகோர்ட்டில் தோற்று, சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனது. 2025 ஜனவரி 3-ம் தேதி நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இருவரும் மனுவைத் தள்ளுபடி செய்து, இவ்வளவு தொழில்நுட்பம் வைத்திருக்கும் பேங்க் இதைக் கண்டுபிடித்துத் தடுத்திருக்க வேண்டும் என்றார்கள். வாடிக்கையாளர்களும் ஓ.டி.பி.யைப் பகிராமல் உஷாராக இருக்க வேண்டும் என்று சேர்த்துச் சொன்னார்கள். நியாயம்தான். ஒரு லட்சத்துக்கும் குறைவான தொகைக்கு நாட்டின் மிகப் பெரிய பேங்க் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் வழக்கை இழுத்தது, பாருங்கள், அது எனக்குத் தீர்ப்பைவிட அதிகமாகச் செய்தி சொல்கிறது.

ரிசர்வ் பேங்கிடம் நாம் கேட்க வேண்டியது பெரிய விஷயம் இல்லை. ‘கவனக்குறைவு’ என்றால் என்ன என்று எழுதுங்கள். ஏமாந்ததையும் அலட்சியத்தையும் பிரியுங்கள். அலட்சியமே என்றாலும் ஒருத்தர் இழப்புக்கு ஒரு வரம்பு வையுங்கள். டிஜிட்டலுக்கு வா என்று கைப்பிடித்து இழுத்தவர்களிடம் இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. பொருளாதாரத்தில் நொண்டியடித்த, நம்மில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத கிரீஸால் முடிந்தது இது.

அதுவரை, உங்களுக்கு அப்படி ஒன்று நடந்துவிட்டால், முதலில் பேங்குக்கும் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். அப்புறம், ‘நீங்கதானே சார் நம்பர் கொடுத்தீங்க?’ என்று கேட்டால் வெட்கப்பட்டுத் தலையைக் குனியாமல், திருப்பிக் கேளுங்கள். பணம் எந்த போனிலிருந்து, எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது? நான் இதுவரை அனுப்பாத ஒரு கணக்குக்கு இவ்வளவு தொகையை எதைப் பார்த்து விட்டீர்கள்? நான்தான் கொடுத்தேன் என்பதற்கு, உங்கள் கம்ப்யூட்டர் பதிவைத் தவிர, என்ன ஆதாரம்? எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் கேட்டீர்கள் என்றால், ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது’ என்று சொல்லிவிட்டு, இருபது நிமிஷம் வீணை வாசிப்பார்கள்.